டாக்சி குடித்த தண்ணீர்

டாக்சிக்காரரின் பழைய கார் குடித்த தண்ணீரெல்லாம் நாலு தெரு தள்ளி, அவர் தங்கை வீட்டுக் குழாயில் கொதிக்கக் கொதிக்க வந்துகொண்டிருந்தது. அவள் அதில் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். காய்ச்சுகிற வேலை மிச்சம், கறையும் நன்றாகப் போனது. அண்ணனுக்கு இது தெரியாது. தான் வேண்டாம் என்றவனைக் கட்டிக்கொண்டாள் என்று அவர் அவளோடு பேச்சை நிறுத்திய வாரம்தான் கார் முதன்முதலில் சூடானது. வண்டிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பின்னால் அந்த மனிதன் போய்ச் சேர்ந்தபோதும் தங்கையின் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

மெக்கானிக் லேசில் விடுகிற ஆள் இல்லை. சூடேறினால் திறந்து தண்ணீரை ஓடவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி டீ போடும் பாத்திரத்தில் கொதிக்க வைத்தார். அது ஒழுங்காகத் திறந்தது. அன்று பட்டறையில் யாரும் டீ குடிக்கவில்லை. ரேடியேட்டரை அலசினார், மூடியை மாற்றினார், ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகை இல்லை, தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனாலும் மேடு ஏறினால் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது, பயணிகள் முணுமுணுத்தபடி இறங்கி வேறு வண்டி பிடித்தார்கள். இப்படியே போனால் வண்டியை எடைக்குப் போட வேண்டியதுதான் என்று டாக்சிக்காரர் இடிந்துபோனார்.

"எங்கதான் போகுதுன்னு பாத்துடுவோம்" என்று மெக்கானிக் ரேடியேட்டரில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றி, ஊரை ஒரு சுற்று வரச் சொன்னார். திரும்பி வந்தபோது ரேடியேட்டர் காலி. வண்டியில் எங்கும் பச்சை இல்லை. மறுநாள் இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார். மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. அதில் ஊதிய காற்று உள்ளே போனது, எந்தப் பக்கமும் வெளியே வரவில்லை. வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்றார். டாக்சிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பற்றவைக்கப் போகிற நேரத்தில் தங்கை ஒரு மூட்டை பச்சைக் கோட்டுகளோடு வந்து நின்றாள். குழாயில் வருவது யார் வண்டித் தண்ணீர் என்று வாசத்தை வைத்தே அவளுக்கு முதல் நாளிலிருந்து தெரியும். அண்ணன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும் மெக்கானிக்கிடம்தான் பேசினாள்.

"சாயத்த எப்படியாவது வெளுத்துக்குவேன். ஓட்டைய அடைச்சிட்டா நான் எதுல துவைக்கிறதுன்னு அவரைக் கேட்டுச் சொல்லுங்க."

மெக்கானிக் ஒரு சொல் விடாமல் அவரிடம் திருப்பிச் சொன்னார்.

டாக்சிக்காரர் விரிசலைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. மெக்கானிக்கைத் தாண்டி நேராக அவளைக் கேட்டார்.

"சூடு பத்துதா?"

"குளிர்காலத்துல கொஞ்சம் பத்தலண்ணே."

ஹெட் இருந்தபடியே திரும்பப் பூட்டப்பட்டது. குளிர்காலம் வந்தால் டாக்சிக்காரர் விடிந்ததும் பின் சீட்டில் தண்ணீர்க் கேன்களை அடுக்கிக்கொண்டு, பயணி ஒருவரையும் ஏற்றாமல், முள் சிவப்பைத் தொடும்வரை முதல் கியரிலேயே மேட்டுச் சாலையில் ஏறுகிறார்.