அகோசிதா ஒப்புக்கொள்ளாத முடிவுகள்

1
இந்தக் கதை என் கற்பனையில் பிறந்ததல்ல. பிஜித் தீவின் லவுதோகா சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்கும் அகோசிதா சொன்னது. எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள்: "என்னை அழ வெக்காத."

கன்னம் வீங்கிய அகோசிதா கண்ணீரோடு

[இந்தத் தொடக்கத்தை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் 'அடித்து' என்ற சொல்லைக்கூட யோசித்துத்தான் போட வேண்டியிருக்கிறது.]

2
கணவன் பெனியாசிக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. இரண்டு முறை கை நீட்டியவன். இரண்டாவது முறை அவள் மணிக்கட்டு முறிந்தது. அகோசிதா அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சர்ச்சில் எல்லோரும் மன்னிக்கச் சொன்னார்கள். அவள் லோசலினி என்ற ஆலோசகரிடம் போனாள். லோசலினி இருவரையும் உடனே சேர்த்து உட்கார வைக்கவில்லை. அவன் எதிரில் பயப்படாமல் பேச முடியுமா என்று அவளிடம் மூன்று வாரம் தனியாகக் கேட்டார். பிறகு அவனிடம் தனியாகப் பேசினார்.

3
பெனியாசியை என்ன செய்வது? வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். கோபம் வந்தால் கை தானாக ஓங்கிவிடுகிறது என்று அவன் சொன்னானாம்.

"ஆலையில மேஸ்திரி திட்டினா அவரை அடிப்பியா?" என்றார் லோசலினி.

"மாட்டேன்."

"அப்போ கையை நிறுத்தத் தெரியுது."

அவன் மனத்தில் அப்போது ஏதோ ஒன்று

[தெரியாது. அடுத்த வாரமும் வந்தான். அது தெரியும்.]

4
சேர்ந்து உட்கார்ந்தபோது முதலில் பேசியது அவள். நான்கு மாதம் கழித்து, அவளாகவே நாள் குறித்து வீடு திரும்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூரை ஒழுகலை அடைக்கிறேன் என்றவன் முந்தின நாள் முழுக்க நண்பர்களோடு கவா என்ற வேர்ச்சாற்றுப் போதைபானம் குடித்திருந்தான். அவள் கேட்டுவிட்டாள். அவன் குரல் உயர்ந்தது. அவள் கால் கதவுப் பக்கம் நகர்ந்தது.

"வெளிய போறேன். அரை மணியில வந்துடுவேன்" என்றான்.

லோசலினி பழக்கிய வாக்கியம். அவன் போனான். சொன்ன நேரத்துக்கு வந்தான். "சொன்னேன், செய்யல. தப்பு என்னுதுதான்" என்று ஏணியை எடுத்தான்.

5
இரண்டு முடிவுகள் எழுதி, அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து காட்டினேன். ஒன்றில் கடற்கரையில் கைகோத்து நடந்தார்கள். படித்துச் சிரித்தாள். இன்னொன்றில் அவன் மறுபடி கை ஓங்கினான். தாளைத் திருப்பி வைத்துவிட்டாள்.

"வீட்டுக்குத் திரும்பி எட்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு நல்லா இருக்கேன். அதுக்கு மேல எனக்கே தெரியாது. நீ எப்படி எழுதுவ?"

உள்ளேயிருந்து பெனியாசி தேநீர் கேட்டான். அகோசிதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீயே போட்டுக்கோ. எங்களுக்கும் சேர்த்து" என்றாள்.

அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மேற்கொண்டு நீங்கள்தான்

[இதையும் அடித்துவிட்டேன். அடுப்புச் சத்தம் வரைதான் தெரியும்.]