முன்ஸிப் வெட்டிய குழி

கிணறு வற்றும் காலத்தில் லொறியில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர்காரனுக்கு இனி ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று, பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முன்ஸிப் பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் கேட்கவே சொல்லியிருந்தார். சொன்னபடி, கூரைப் பீலியில் வரும் மழைத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க ஒரு குழி வெட்டி, கல்லும் மணலும் போட்டார். வீடு இருப்பதோ மலைச்சரிவில். மண் இளக்கமாக இருக்கிறதே என்று கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வெட்டினதுதான் வினை.

மாரி முழுக்க அந்தக் குழி தண்ணீரைக் குடித்தது. ஓகஸ்ட் வெயிலில் கிணற்றை எட்டிப் பார்த்தால் வெறும் சேறு. முன்ஸிப்பை வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி ஜெமீலா அடுப்படியில் இருக்கும் நேரம் பார்த்து, பவுசருக்குப் போன் எடுத்தார்.

சற்று நேரத்தில் கீழ்வீட்டு இந்திரஜித் ஒரு ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு படியேறி வந்தான்.

"நானா, இந்த வருசம் எங்க கெணத்துல தண்ணி வத்தவே இல்லீங்க. எல்லாம் உங்க குழித் தண்ணிதான். நான் மோட்டர் போடுறேன், டாங்கிய நெறப்பிக்கங்க."

டாங்கியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் முன்ஸிப்புக்கு மூச்சு வந்தது. பவுசரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு ஜெமீலாவிடம் வந்தார்.

"அந்தக் குழிய மூடிட்டு, கெணத்துக்கு மேல ஒண்டு வெட்டுறேன்."

"மேல வெட்டுங்க," என்றாள் ஜெமீலா. "கீழ உள்ளத மூடவாணாம். அந்தத் தண்ணியிலதான் இந்திரஜித்ட புள்ளைகள் குளிக்கிறாங்க."