பெட்டியைத் திறந்து பார்த்தவன்

தம்பியைத் தூக்கில் போட்ட செய்தி, அண்ணனுக்கு வெல்டிங் பட்டறையில் இருந்தபோதுதான் வந்தது. வக்கீல் போனில் சொன்னார். முந்தின வாரம்தான் அம்மாவும் அவனும் சிறைக்குப் போய்த் தம்பியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். தூக்குக்கு நாள் குறித்ததைப் பற்றி அங்கே யாரும் மூச்சு விடவில்லை.

தம்பி ஒருவனைக் கொன்றது உண்மை. வீட்டில் யாரும் அதை மறைத்துப் பேசியதில்லை.

வக்கீல் நாயாய் அலைந்துதான் உடலை வாங்கித் தந்தார். அதற்கும் நிபந்தனை: வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, பெட்டியைத் திறக்கக் கூடாது, போலீஸ் முன்னாலேயே புதைத்துவிட வேண்டும்.

இடுகாட்டு வாசலில் வேன் நின்றதும் அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை மூஞ்சியக் காட்டுங்கய்யா. உள்ள இருக்கறது என் புள்ளதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அம்மாவை விலக்கிவிட்டு அண்ணனை மட்டும் வேனுக்குள் கூப்பிட்டார். "நீ மட்டும் பாத்துக்க. சீக்கிரம்."

ஆணிகளை நெம்பி மூடியைத் தூக்கினார்கள். தம்பிதான். கழுத்தில் கயிற்றுத் தடம். அதற்குத்தான் அண்ணன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஏறியிருந்தான். துணியை விலக்கினால், தொண்டைக்குழியிலிருந்து தொப்புள்வரை கோணி தைப்பதுபோல் தைத்திருந்தது. இமைகளுக்கு அடியில் கண்கள் இல்லை. பஞ்சு இருந்தது.

"என்ன சார் இது?"

"போஸ்ட்மார்ட்டம்."

"கண்ணு எங்க சார்? உசுரத்தானே எடுக்கச் சொன்னாங்க?"

"எனக்கு என்னப்பா தெரியும்? மூடு."

கீழே இறங்கியதும் அம்மா அவன் சட்டையைப் பிடித்தாள். "அவன்தானா? எப்படிடா இருக்கான்?"

"அவன்தாம்மா. தூங்கற மாதிரி இருக்கான்."

அம்மாவின் பிடி தளர்ந்தது. குழிக்குள் இறக்கி மண் தள்ளினார்கள்.

மறுநாள் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "கண்ண யாரக் கேட்டு எடுத்தாங்க? தோண்டி எடுத்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லி மனு போடலாம். ஆனா சட்டப்படி வாரிசு அம்மாதான், அவங்க பேர்லதான் போடணும். அவங்ககிட்ட சொல்லியாகணும்."

"சொன்னா அது தாங்காது சார்."

"சொல்லாட்டி நாளைக்கு இன்னொருத்தனுக்கும் இதையேதான் செய்வாங்க."

இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் தினமும் வீட்டுக்குப் போனான். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்: "நிம்மதியாத் தூங்கற மாதிரி இருந்தானாம். பெரியவன் கண்ணால பாத்தான்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவான். வக்கீலின் போன் குறைந்தது. பிறகு நின்றே போனது.

மழைக்காலம் முடிந்த சமயம், பட்டறைக்கு ஒரு பெரியவர் வந்தார். அவருடைய மகனுக்கும் தூக்குக்கு நாள் குறித்துவிட்டதாகக் கேள்விப்பட்டாராம்.

"உங்க தம்பி உடம்ப வாங்கிட்டீங்களாமே. எங்களுக்கும் தருவாங்களா? அவன் அம்மா முகத்தப் பாக்கணுங்கறா."

அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காருங்கய்யா" என்றான். வெல்டிங் மிஷினை அணைத்துவிட்டு அவர் எதிரில் தானும் உட்கார்ந்தான்.