தலினுக்காக வைத்த மூன்று ஜாடிகள்

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது சிரானுஷ் முதல் ஜாடியைத் திறந்தாள். மூக்கில் ஏறிய நெடி ஒயினுடையது அல்ல.

"இன்னொண்ணத் திறந்து பாரும்மா," என்றாள் மகள் தலின்.

மூன்றுமே வினிகராகிவிட்டிருந்தன. மதுவுக்குத் தடையுள்ள ஈரானில், இஸ்ஃபஹானில் கடைக்குப் போய் ஒயின் வாங்க முடியாது. அந்நகரின் ஜுல்ஃபா பகுதியில் வாழும் ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் வீட்டில் செய்து வைத்துக்கொள்வதுதான். மகள் கல்யாணத்துக்கென்று திராட்சையை மிதித்துப் போட்ட கையோடு அவள் கணவர் நோராயர் படுக்கையில் விழுந்தார். ஒயினைத் தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் வைத்து ஜாடிகளுக்கு மாற்றியது சிரானுஷ்தான். "எல்லாத்தையும் கொதிக்க வை, சிரான். குழாய மறந்துடாத," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். ஜாடிகளைக் கொதிநீரில் கழுவினாள். ரப்பர் குழாயை மட்டும் குழாய்த்தண்ணீரில் அலசிவிட்டு ஓடினாள். அவருக்கு மருந்து கொடுக்கும் நேரம் அது. முந்தின வாரம் ஊறுகாய்க்கு வினிகர் இறக்கியதும் அதே குழாயில்தான்.

டிசம்பரில் ஒரு கோப்பை கேட்டார். வாயில் வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினார். "பிரமாதம். இனிமே எனக்கு இங்க வேலையே இல்ல," என்று சிரித்து, மீதியையும் குடித்தார். அடுத்த மாதம் போய்விட்டார்.

முப்பது வருஷம் ஒயின் செய்த நாக்கு. சிரானுஷ் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பவே புளிச்சிருக்கும். தெரிஞ்சேதான் குடிச்சிருக்காருடி."

தலின் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். "ஆர்மென் மாமா அவர் வீட்டு ஒயினத் தர்றேன்னுட்டார். ஜாடியச் சுத்தம் பண்ணிக் கொண்டுவரச் சொல்றார். நான் கழுவறேன், நீ உள்ள போம்மா."

"நீ தள்ளு."

அவர் போட்ட கடைசி ஒயினை அவளே சாக்கடையில் கவிழ்த்தாள். பழைய குழாயைத் துண்டு துண்டாக நறுக்கி எறிந்தாள். சோடா உப்பும் வெந்நீருமாகத் தேய்த்தாள், அலசினாள், கிருமி கொல்லும் சல்ஃபைட் தூள் கரைத்த நீரை ஊற்றி உருட்டினாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். கை சிவந்து கொப்பளித்தது.

"போதும்மா. சுத்தமாயிடுச்சு."

"உனக்கென்ன தெரியும்."

மூன்றாவது ஜாடியின் தோளில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. படுத்தபடியே அவர் எழுதிக் கொடுத்தது, 'தலின்' என்று, கோணல்மாணலாக. சூட்டில் பசை இளகி ஒரு மூலை எழும்பியது. மை கசியத் தொடங்கியது. சிரானுஷ் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் அடுத்த பானைத் தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.