ஒரு நேரத்துக்கு ஒரு விண்டோ

விடியும் முன்பே அந்த நீண்ட அறையில் கீபோர்டுகள் சடசடக்கத் தொடங்கிவிடும். ஏசிக் குளிரில் விரல் விறைக்கும், கண் எரியும். மின்னல் வந்து உட்கார்ந்ததும், புரோகிராம் எழுதுகிற எடிட்டரில் எட்டு விண்டோக்களைத் திறந்தாக வேண்டும். மின்னல் என்பது, அவள் தட்டுகிற வேகத்தைப் பார்த்து உடன் வேலைசெய்கிறவர்கள் வைத்த பெயர். அவள் பொறுப்பில் நாலு ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனைப் பிரதி, அங்கே நிஜமாக ஓடிக்கொண்டிருப்பது ஒன்று. முதலாளி ஒரே புரோகிராமை எல்லாருக்கும் விற்றிருந்ததால், எட்டிலும் அதே கோப்பு, அதே வரிகள். எட்டுப் பிள்ளைக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு, சரியான பிள்ளையைக் கூப்பிடு என்றால் எப்படி?

முன்பு ஆளுக்கு இரண்டு திரை இருந்தது. ஒன்றில் சோதனை, மற்றதில் நிஜம். சிக்கனம் என்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிழைக்க வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? நிஜ விண்டோக்களுக்குச் சிவப்புப் பின்னணி போட்டுக்கொண்டார்கள். சிவப்பைக் கண்டால் கை தானாக நிற்கும். வாடிக்கையாளர்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது முதலாளி அதற்கும் வேட்டு வைத்தார்.

"என்ன இது கலர் கலரா? எல்லாம் கறுப்பா, ஒரே சீரா இருக்கணும்."

அழகு பார்த்தது அவர், அடி விழுந்தது மின்னலுக்குப் பக்கத்து இருக்கையில், எல்லாரும் தாடி என்று கூப்பிடுகிற பையனுக்கு. சோதனைப் பிரதி என்று நினைத்து, நிஜத்தில் சில வரிகளை அழித்துச் சேமித்துவிட்டான். ஓர் ஆஸ்பத்திரியில் டோக்கன் வருவது நின்றுபோனது. நோயாளிகள் வரிசையில் நின்று வாடினார்கள்.

முதலாளி வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

"கண்ணை எங்கடா வச்சிருந்த? பையை எடு, கிளம்பு."

தாடி பையை எடுத்தான். அவன் வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். முதலாளி மின்னல் பக்கம் திரும்பினார். குரலில் தேன்.

"நீ பக்கத்துலதானே இருந்த. இவன் கவனமில்லாம வேலை பார்த்தான்னு எழுதிக் குடும்மா. இவன் விண்டோவையும் நீயே பார்த்துக்க. கெட்டிக்காரிப் பொண்ணு நீ."

நல்லவேளை நானில்லை என்று ஒரு கணம் நினைத்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. தன் திரையைப் பார்த்தாள். முன்னால் நிற்பது எந்த ஆஸ்பத்திரி? சோதனையா, நிஜமா? அவளுக்கே தெரியவில்லை.

"சார், என் ஸ்கிரீன்ல இப்ப இருக்கறது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"அது உன் வேலை."

"எனக்கே தெரியல சார். எழுதியெல்லாம் தர முடியாது. இனிமே ஒரு நேரத்துக்கு ஒரு விண்டோதான் திறப்பேன். இன்னொருத்தர் சரிபார்த்தப்புறம்தான் அடுத்தது."

"மீதி ஏழு?"

"காத்திருக்கட்டும். இல்ல, ஆள் போடுங்க."

"உன்னையும் சேர்த்து அனுப்பிடுவேன்!"

"அப்ப என்னையும் அனுப்புங்க சார்." கடைசி வரிசையிலிருந்து பெரியக்கா. அங்கிருந்தவர்களில் மூத்தவள், முதலாளி முன்னால் இருமக்கூட யோசிப்பவள். பேசிக்கொண்டே தன் விண்டோக்களை ஒவ்வொன்றாக மூடினாள். அவளைப் பார்த்து முன்வரிசை மூடியது. பிறகு எல்லாரும். சடசடப்பு அடங்கிவிட்டது.

"எல்லாரும் சேர்ந்து விளையாடறீங்களா? ஒருத்தருக்கும் நாளைக்கு இங்க வேலை இருக்காது!" அவர் கையில் போன் அலறியது. ஆஸ்பத்திரிதான். பேசிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வரும்போது என்ன உத்தரவோடு வருவாரோ, யாருக்கும் தெரியாது.

தாடி பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"உட்காருடா," என்றாள் மின்னல்.

"என்னைத்தான் போகச் சொல்லிட்டாரேக்கா."

"டோக்கனுக்கு நிக்கறவங்க இன்னும் நின்னுட்டுதான் இருக்காங்க. அந்த ஒரு விண்டோவை மட்டும் திற. நீ திருத்து, நான் பார்க்கறேன்."

அவள் தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள். பின்னால் இன்னொரு நாற்காலி இழுபட்டது. பிறகு இன்னொன்று. திரைக்கு இருவராக உட்கார்ந்து, அவர்கள் வேலையை ஆரம்பித்தார்கள்.