சங்கரனின் எட்டுக் கம்பிகள்

அபிராமபுரத்தில் பாகம் பிரித்தபோது வீடு அண்ணா பட்டாபிராமனுக்குப் போயிற்று. அவுட்ஹவுஸும் பக்கத்துக் காலி இடமும் தம்பி சங்கரனுக்கு வந்தன. தொண்ணூற்று நாலில் அரசாங்க இன்ஜினியர் பதவியிலிருந்து ரிடையரான சங்கரன், நாடு இனி என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டு, அண்ணா வீட்டுச் சுவரை ஒட்டியே ஓர் ஆபீஸ் அறை கட்டத் தீர்மானித்தார். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே 'கன்சல்டிங் இன்ஜினியர்' போர்டு எழுதி வந்துவிட்டது.

அண்ணாவோடு பேச்சு கிடையாது. ஒரு கல்யாணப் பந்தியில் பட்டாபி சொன்ன வாக்கியம்தான் காரணம். "நம்ம சங்கரன் பாலம் கட்டியிருக்கானே, பேஷான பாலம். கீழே ஆறுதான் கிடையாது." பந்தியே சிரித்தது. சங்கரன் பாயசத்துக்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே லட்சியம்: அண்ணா வாய்க்கு இன்னொரு ஜோக் கிடைக்கக் கூடாது.

புதுச் சுவர் பழைய சுவரைச் சும்மா ஒட்டிக்கொண்டு நின்றால் ஒரே மழையில் நடுவே விரிசல் விடும். பழைய சுவரில் துளை போட்டுக் கம்பியைச் செருகி, சிமெண்டால் இறுக்கி, இந்தப் பக்கம் நீட்டுவதைப் புதுச் செங்கல் வரிகளுக்கு நடுவே புதைக்க வேண்டும். இதைத் தாமே கண்டுபிடித்தவர்போல் சங்கரன் மேஸ்திரி பஞ்சாட்சரத்துக்கு விளக்கினார்.

"செவுரு எம்மாந் தடி சார்?" என்றார் பஞ்சாட்சரம்.

அதைத் தெரிந்துகொள்ள அண்ணா வீட்டுக்குள் போய் அளக்க வேண்டும். அண்ணாவும் மன்னியும் பெங்களூரில் பெண்ணின் பிரசவத்துக்குப் போயிருந்தார்கள். சாவி எதிர்வீட்டில்தான் இருந்தது. அதை வாங்கினால் அண்ணா காதுக்குப் போய்விடும்.

"எங்க தாத்தா கட்டினது. ரெண்டு செங்கல் தடிமனுக்குக் குறையாது. ஒண்ணேகால் அடி உள்ளே விடுங்கோ."

வாடகை ட்ரில் இறங்கிய வேகத்தில் இருவரும் பூரித்துப்போனார்கள். "வெண்ணெ மாரி எறங்குது சார்!"

"சுண்ணாம்புக் காரைன்னா அப்படித்தான்!"

இடப்பக்கச் சுவருக்கு நாலு, வலப்பக்கச் சுவருக்கு நாலு, ஒன்றன்மேல் ஒன்றாக. தண்ணீர் ட்யூபால் மட்டம் பிடித்து, ஒரு நூல் பிசகாமல் வைத்தார்கள். அறையும் எழும்பியது.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பட்டாபி தம்பதி ஊர் திரும்பினார்கள். கதவு திறக்கும் சத்தம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பட்டாபி சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை.

சங்கரனுக்கு விளங்கிவிட்டது. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வருஷக்கணக்கில் மிதிக்காத வாசற்படியை மிதித்தார்.

ஒரே கல் தடிமன் இருந்த சுவரிலிருந்து எட்டுக் கம்பிகளும் ஆளுக்கு அரைச் சாண் எட்டிப் பார்த்தன. மேல் ஜோடிமீது மன்னி விஜயலக்ஷ்மி அதற்குள் மூங்கிலை வைத்து, ஒன்பது கஜப் புடவையை யாரும் தொடாதபடி மடியாக உலர்த்தியிருந்தாள். அதற்குக் கீழே அண்ணாவின் வேஷ்டி. அடுத்ததில் துண்டுகள். கடைசிக் கம்பியில் குடை.

"அறுத்து எடுக்கச் சொல்லிடறேன் மன்னி. சாயந்தரத்துக்குள்ள."

"அறுக்கறதாவது!" சங்கரன் அரை நிஜார் போட்ட காலத்தில் அந்த வீட்டுக்கு வந்தவள் மன்னி. புடவையை எட்டிப் போடும் கொடிக்குச்சியை ஓங்கியபடி திரும்பினாள். "உத்தரத்துலேர்ந்து கயித்துல தொங்கின கொடி ஆடி ஆடி, மடிப்புடவை இவர் தலையில பட்டு, எத்தனை தரம் மறுபடி நனைச்சிருக்கேன் தெரியுமோ? இது துளி ஆடறதாடா? தொட்டேன்னா பாரு!"

பட்டாபி சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எதையோ சேமித்து வைக்கிறார் என்று சங்கரனுக்குத் தெரிந்தது.

மறுநாள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகள் அத்தனை பேரையும் பட்டாபி தம் வீட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் மூங்கிலைக் காட்டினார். "சர்வீஸ் முழுக்க சங்கரன் கட்டினதுலயே ஜனங்களுக்கு உபயோகப்படறது இது ஒண்ணுதான்."

தெரு வரைக்கும் சிரிப்பு கேட்டது. பஞ்சாட்சரமும் சிரித்தார். "நம்ம ரெண்டு பேரு வேலை சார்!"

சங்கரன் எழுந்து போய்விடுவார் என்று எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள். அப்போது எதிர்வீட்டு மாமி மூங்கிலை அசைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ஏன் சார், எங்காத்துக்கும் இதுமாதிரி நாலு ஜோடி போட்டுத் தருவேளா?"

கன்சல்டிங் இன்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பேஷா. ஆனா, உங்காத்துக்குள்ள வந்து சுவரை அளந்து பார்த்துட்டுதான் சொல்ல முடியும்."