சத்திரக்காரர் தந்த சம்மதம்

எஷன்டால் நாட்டை ஒரு நல்ல குதிரை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கடந்துவிடும். ஆனாலும் அதை ஆண்ட பிரபு லெபரெக்டுக்கு ஒரு அரண்மனை இருந்தது. அரண்மனையில் ஒரு அமைச்சரும், மூன்று எக்காளக்காரர்களும், தோள்வரை புரளும் பொய்முடி ஒன்றும் இருந்தன. பொய்முடியைத் தலையில் வைத்துவிட்டால் பிரபுவின் முகம் இறுகிவிடும். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

எங்கல்பெர்ட் அவருடைய இரண்டாம் செயலாளன். முதலாம் செயலாளர் என்று யாரும் கிடையாது. அந்தப் பதவியை ஒரு மரியாதைக்காகக் காலியாகவே வைத்திருந்தார்கள். கடிதம் எழுதுவது, பிறந்தநாளுக்கும் சாவுக்கும் செய்யுள் எழுதுவது, ஓய்ந்த நேரத்தில் பிரபுவின் நகைச்சுவைக்குச் சிரிப்பது, இவை அவன் வேலை. மூன்றாவதுதான் கஷ்டம்.

அவனுக்கு சிபில்லாவைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். பிரபுவின் மனைவிக்கு உடுப்புத் தைப்பவள் அவள். அரண்மனை ரொட்டியைத் தின்கிறவர்கள் பிரபுவின் சம்மதமில்லாமல் மோதிரம் மாற்ற முடியாது என்பது அந்த நாட்டுச் சட்டம். எங்கல்பெர்ட் இரண்டு முறை கேட்டுவிட்டான். இரண்டு முறையும் ஒரே பதில்.

“கல்யாணம் ஆன கவிஞனை நான் பார்த்திருக்கேன். எதுகை நின்னு போயிடுது. வேண்டாம்.”

இதற்கிடையில் சிபில்லாவின் சித்தப்பா பக்கத்து நகரத்தில் தோல் பதனிடுகிற ஒருவரைப் பார்த்து வைத்துவிட்டார். ஈஸ்டருக்குள் இங்கே சம்மதம் வராவிட்டால் அவள் அங்கே போயாக வேண்டும். மாப்பிள்ளை நல்லவராம். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும்போது பக்கத்தில் உட்காரவும் முடியுமாம்.

அந்தச் சமயத்தில்தான் சத்திரக் கூத்து வந்தது.

தவக்காலம் தொடங்குவதற்கு முன்பு, சுற்றுவட்டாரத்து அரண்மனைகள் எல்லாவற்றிலும் நடப்பதுதான். பெரிய மண்டபத்தைச் சத்திரமாக்குவார்கள். வாசலில் பெயர்ப்பலகைக்குப் பதிலாக ஒரு தகர வாத்து தொங்கும். பிரபு சத்திரக்காரர், அவர் மனைவி சத்திரக்காரி. மற்றவர்கள் சீட்டுக் குலுக்கி வேஷம் எடுப்பார்கள்: உழவன், நாவிதன், கழைக்கூத்தாடி, பிச்சைக்காரன். எல்லாருக்கும் பிச்சைக்காரன் சீட்டின் மேல்தான் கண். நாட்டிலிருந்த நிஜப் பிச்சைக்காரர்களுக்கு மட்டும் அதில் பெரிய ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் குதிரைலாயத் தலைவருக்குக் கால் வீங்கிவிட்டதால் அவர் எடுத்த சீட்டு எங்கல்பெர்டிடம் வந்தது. எலிப்பொறி விற்பவன். இடுப்பைச் சுற்றிப் பொறிகள், மூக்குவரை மறைக்கும் தோல் முகமூடி. கூத்தைத் தொடங்கிவைக்கும் செய்யுளையும் அவன்தான் எழுதியிருந்தான். எக்காளம் ஊதி அதை முழங்கினார்கள்:

இன்றிந்த வீட்டில் பிரபு இல்லை, இருப்பவர் சத்திரக்காரர்;
உண்டென்று சொல்லும் வாயிலே ஊற்றுவோம் பச்சைத் தண்ணீர்.

கைதட்டல் பலமாக இருந்தது. தன் எதுகை இன்னும் நின்றுபோகவில்லை என்பதைப் பிரபு கவனித்திருப்பார் என்று எங்கல்பெர்ட் நம்பினான்.

வெள்ளை ஏப்ரனும் பெரிய மூக்கு வைத்த முகமூடியுமாகப் பிரபு வந்தார். பொய்முடி இல்லை. ஒரு கையில் நான்கு பியர் குவளைகளைப் பிடித்துக்கொண்டு, இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உழவனின் முதுகில் தட்டினார். பிச்சைக்காரனுக்கு இன்னொரு துண்டு பன்றித் தொடை வைத்தார். அந்த மனுஷர் இதற்கென்றே பிறந்தவர் போலிருந்தார். ஒரு நல்ல சத்திரக்காரரைப் பிடித்து வந்து நாட்டை ஆளச் சொல்லிவிட்டார்களோ என்று எங்கல்பெர்டுக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் சத்திரக்காரர் அவன் பெஞ்சிலேயே வந்து விழுந்தார். செருப்பைக் கழற்றினார்.

“அப்பாடா. காலா இது, கட்டை. தம்பி, எலிப்பொறி யாவாரம் எப்படி?”

“சுமார்தாண்ணே. எலி இருக்கற வீட்ல வாங்கறதுக்கு வழியில்ல. வாங்க வழி இருக்கற வீட்ல எலியே சொந்தக்காரர்.”

சத்திரக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அரண்மனையில் பிரபு சிரித்து எங்கல்பெர்ட் பார்த்ததில்லை. மற்றவர்கள் சிரிப்பதை மேற்பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

“மூஞ்சி ஏன் தொங்குது? முகமூடிக்குக் கீழேயும் தெரியுதே.”

எங்கல்பெர்ட் ஒரு மடக்குக் குடித்தான். “ஒரு பொண்ண கட்டிக்கணும்ணே. விட மாட்டேங்கறாங்க.”

“எந்தப் பொண்ணு? வாயில குண்டூசிய வச்சுக்கிட்டே சிரிக்குமே, அதுவா?”

“அதுதான்.”

“நல்ல பொண்ணாச்சே. யாரு விட மாட்டேங்கறா?”

“பிரபுதான்...” சொன்ன பிறகுதான் செய்யுளில் வந்த பச்சைத் தண்ணீர் ஞாபகம் வந்தது. சத்திரக்காரர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கவனமாகச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“அந்த ஆளா? அவன் பேச்சக் கேட்டு எவன் உருப்பட்டான்? நான் சொல்றேன், கட்டிக்கோ. சந்தோஷமா இரு.” கையை நீட்டினார். எங்கல்பெர்ட் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கை வெதுவெதுப்பாக, பன்றிக் கொழுப்பு வழுக்கலோடு இருந்தது. அதில் பொய் இருந்ததாக அவனுக்குத் தெரியவில்லை.

சத்திரக்காரர் அடுத்த பெஞ்சுக்குப் போனார். அங்கே முகமெல்லாம் கரி பூசிக்கொண்டு புகைபோக்கி துடைப்பவனாக உட்கார்ந்திருந்தது ஹோல்ஸ்டாட் நாட்டுப் பிரபு மார்க்வார்ட், லெபரெக்டின் அக்காவைக் கட்டியவர். எல்லை ஓடையில் அவர் கட்டிய மதகால் எஷன்டாலின் மாவு ஆலைகள் கோடையில் சுற்றாமல் நின்றன. அமைச்சர்கள் அதைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கரிமூஞ்சி, “அட, தொறந்து விட்டாப் போச்சு மச்சான்” என்றது. கை குலுக்கினார்கள். இரண்டு கையும் கறுப்பாயின.

திரைக்குப் பின்னால் யாருடைய பாவாடையையோ தைத்துக்கொண்டிருந்த சிபில்லாவிடம் எங்கல்பெர்ட் ஓடினான். அவள் ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

“முகமூடியப் போட்டுக்கிட்டுச் சொன்னாரா, கழட்டிட்டுச் சொன்னாரா?”

“போட்டுக்கிட்டுத்தான். ஆனா மனசுலேர்ந்து சொன்னார் சிபில்லா. எனக்குத் தெரியும்.”

“மனசுலேர்ந்து சொன்னா என்ன, மூக்குலேர்ந்து சொன்னா என்ன. கையெழுத்துப் போடறது எது?”

மறுநாள் காலை பிரபு பொய்முடியோடு சபையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமைச்சர் ரூப்பெல். எங்கல்பெர்ட் சம்மதப் பத்திரத்தை எழுதியே கொண்டுபோயிருந்தான்.

“இது எதுக்கு?” என்றார் பிரபு.

“நேத்து தாங்கள் வாக்குக் கொடுத்தீங்க, பிரபு.”

“நேத்து நான் இங்க இல்லையே.” பிரபுவின் குரலில் கோபமில்லை. நல்ல நகம் உள்ளவன் ஒரு முடிச்சை அவிழ்ப்பதுபோல நிதானமாகப் பேசினார். “இந்த வீட்டில் பிரபு இல்லைன்னு எக்காளம் ஊதிச் சொன்னாங்க. செய்யுள் யாருது, ரூப்பெல்?”

“செயலாளருடையது, பிரபு.”

“எதுகை சரியில்ல. ஆனா விஷயம் தெளிவு. செயலாளரே, உமக்கு வாக்குக் கொடுத்தது ஒரு சத்திரக்காரர். சத்திரக்காரர் சம்மதம் சத்திரத்துல செல்லும். அடுத்த வருஷம் அவர் வருவார். அவரையே கேளும்.”

எங்கல்பெர்ட் பத்திரத்தைச் சுருட்டினான். நேற்று அவன் கேட்டவர் சொல்லக்கூடியவராக இருந்தார், செய்யக்கூடியவராக இல்லை. இன்று அவன் எதிரே இருந்தவரிடம் எல்லா அதிகாரமும் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. இந்த இரண்டு பேரையும் ஒரு நிமிஷம் ஒரே உடுப்புக்குள் உட்காரவைத்தால் போதும். அதற்கென்று எந்த நாட்டிலும் ஒரு கூத்து இல்லை. எது முகமூடி என்றும் அவன் யோசித்தான். நேற்றைய மூக்கு தோல். இன்றைய முடி யாரோ ஒரு பெண்ணின் தலையில் வளர்ந்தது. இரண்டில் எதுவும் அந்த மனுஷருடையது அல்ல.

“போகாதீர். பேனா இருக்கட்டும்,” என்றார் பிரபு. “ஹோல்ஸ்டாட் பிரபு கிளம்பறதுக்குள்ள ஓடை விஷயத்தை எழுதிக் கையெழுத்து வாங்கணும்.”

மார்க்வார்ட் பயண உடுப்பில் வந்தார். காது மடலில் மட்டும் கொஞ்சம் கரி மிச்சமிருந்தது.

“ஓடையா? எந்த ஓடை?”

“நேத்து மதகத் தொறக்கறேன்னு சொன்னீங்களே மாமா.”

“நானா?” மார்க்வார்ட் கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினார். “புகைபோக்கி தொடைக்கற ஒருத்தன் சொல்லியிருப்பான். அவனுக்கு ஏது மதகு? நீங்கதானே மச்சான் ஊதிச் சொன்னீங்க, இங்க பிரபுவே கிடையாதுன்னு. நல்லாருந்துச்சு அந்தப் பாட்டு. யாரு எழுதினது?”

எல்லாரும் எங்கல்பெர்டைப் பார்த்தார்கள். அவன் பேனாவைப் பார்த்தான்.

மார்க்வார்டின் வண்டி போன சத்தம் அடங்கியது. தன் வாயிலிருந்து போன சொல் இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வந்தால் எப்படியிருக்கும் என்பது பிரபுவின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

“ரூப்பெல்,” என்றார் கடைசியில், “பேரரசரோட கோர்ட்டுக்குப் போவோம். கூத்துல கொடுத்த வாக்கும் வாக்குதான்.”

ரூப்பெல் இருமினார். “போகலாம், பிரபு. ஆனா எஷன்டால்ல வழக்கம் என்னன்னு எதிர்த்தரப்புல கேப்பாங்க. கூத்துல சொன்ன வாக்க இங்க மதிச்சிருக்காங்களான்னு கேப்பாங்க. ஒரு முன்னுதாரணம் இருந்தா நல்லது.”

“இருக்கா?”

“இன்னும் இல்ல,” என்றார் ரூப்பெல். அவர் பார்வை மெல்ல நகர்ந்து எலிப்பொறிக்காரன்மேல் வந்து நின்றது.

அரைமணி நேரத்தில் எங்கல்பெர்டின் பத்திரம் கிழிக்கப்பட்டு, ரூப்பெல் சொல்லச் சொல்லப் புதிது எழுதப்பட்டது. சத்திரக் கூத்தில் சொல்லப்பட்ட சொல் சொன்னவரைக் கட்டும் என்பது எஷன்டாலின் தொன்றுதொட்ட வழக்கம். அதற்குச் சான்றாக, செயலாளர் எங்கல்பெர்டுக்கும் தையற்காரி சிபில்லாவுக்கும் திருமணம் நடைபெறுக. ‘தொன்றுதொட்ட’ என்ற இடத்தில் மை இன்னும் காயவில்லை.

ரூப்பெல் வெளியே போனபின் பிரபு கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

“நேத்து... அந்த ஆள். நல்லாப் பேசினாரா?”

“ரொம்ப நல்லாப் பேசினார், பிரபு.”

“ம்.” பிரபு ஜன்னல் பக்கம் பார்த்தார். “எனக்கு அவ்வளவு வராது.”

பிறந்தநாளுக்கும் சாவுக்கும் உடனே செய்யுள் சொல்கிற எங்கல்பெர்ட் குனிந்து வணங்கிவிட்டு வெளியே வந்தான்.

சிபில்லா பத்திரத்தை இரண்டு முறை படித்தாள்.

“அப்ப நான் பொண்டாட்டி இல்ல, சாட்சி.”

“ரெண்டும்தான்.”

“கேஸ்ல தோத்துட்டா? கல்யாணம் செல்லாதுன்னு சொல்லிடுவாங்களா?”

“பேரரசர் கோர்ட்டு, சிபில்லா. தீர்ப்பு வர்றதுக்குள்ள நம்ம பேரன் அதே கோர்ட்டுல நீதிபதியா ஆயிடுவான்.”

அவள் யோசித்தாள். தோல் பதனிடுபவரையும் காற்றின் திசையையும் யோசித்திருக்கலாம். “சரி. மதகு தொறந்தாலும் தொறக்காட்டியும் நீ இருப்பேல்ல? அது போதும்.”

கல்யாணம் ஈஸ்டருக்கு முன்பே நடந்தது. அரண்மனை முற்றத்தைப் பார்த்த இரண்டு அறைகள் கொடுத்தார்கள். பிரபு பொய்முடியோடு வந்து, இறுகிய முகத்தோடு வாழ்த்திவிட்டுப் போனார். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் ரூப்பெல் வர ஆரம்பித்தார்.

“ஒத்துமையாத்தானே இருக்கீங்க? சும்மாதான் கேக்கறேன். ஹோல்ஸ்டாட் வக்கீல் ஊருக்குள்ள விசாரிச்சுக்கிட்டுத் திரியறார். முன்னுதாரணம் பாத்திரத்த வீசிக்கிட்டா கேஸ் பலவீனமாயிடும்.”

அதனால் முற்றத்தில் நடக்கும்போது கைகோத்துக்கொண்டார்கள். கிணற்றடியில் அவள் சிரித்தால் இவனும் சிரித்தான். இரண்டு வாரத்தில் முகம் அதற்குப் பழகிவிட்டது. தாங்கள் சந்தோஷமாக இருக்கிறோமா, சந்தோஷமானவர்கள் வேஷத்தில் இருக்கிறோமா என்று எங்கல்பெர்டுக்கே பிடிபடாமல் போயிற்று. கேட்கவும் பயமாக இருந்தது. அவள் வேஷம் என்று சொல்லிவிட்டால்?

ஒருநாள் மத்தியானம் அவன் பாதி எழுதிய இரங்கற்பாவை முட்டைக்கோஸ் சூப்புக்கு அடியில் வைத்துவிட்டாள் சிபில்லா. சூப்பு பானை சூடாக இருந்ததாம், அடியில் எதையாவது வைக்க வேண்டியிருந்ததாம். அது நாட்டின் மூத்த தளபதியின் மரணத்துக்கு எழுதியது என்றான் அவன். தளபதி சூப்பு ஆறிப்போவதை விரும்பியிருக்க மாட்டார் என்றாள் அவள்.

“உனக்கு எழுத்துன்னா என்னன்னு தெரியுமா?”

“தெரியும். இந்த வீட்ல ஒரு வேலையும் செய்யாம இருக்கறதுக்குப் பேரு.”

குரல்கள் ஏறின. எங்கல்பெர்டுக்குத் திடீரென்று உறைத்தது. கீழே, கிணற்றருகே, அளவுக்கு மீறிய அக்கறையோடு வானத்தைப் பார்த்தபடி ஒரு வெளியூர் ஆள் நின்றிருந்தார்.

“மெதுவா,” என்றான், பற்களைக் காட்டிச் சிரித்துக்கொண்டே. “கீழ ஹோல்ஸ்டாட் வக்கீல். ஜன்னல் தொறந்திருக்கு.”

சிபில்லா ஜன்னலுக்குப் போனாள். கீழே பார்த்து அழகாகத் தலையசைத்தாள். பிறகு இரண்டு கதவுகளையும் சாத்தி, கொண்டியைப் போட்டு, திரையையும் இழுத்துவிட்டுத் திரும்பினாள். சிரிப்பு போயிருந்தது. இத்தனை நாள் அவன் பார்த்திராத ஒரு முகம், சிவந்து, சுளித்து, துளிகூடத் தயவில்லாமல் அங்கே இருந்தது.

“இப்ப சொல்லு,” என்றாள். “எங்க விட்டோம்?”

எங்கல்பெர்டுக்கு எல்லையில்லாத நிம்மதியாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“நான் வேலை செய்யறதில்லைங்கற எடத்துல,” என்றான்.